கூட்டுப் பட்டாவும் கூட்டுப் பட்டமும்

கூட்டுப் பட்டாவில் நிலம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நிலம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வருஷா வருஷம் கிஸ்தி கட்டிய ரசீதும் இருக்கிறது. ஆனால் கிணறு வெட்ட பாங்கில் கடன் கேட்டுப் போனால், "பங்காளி கையெழுத்து எங்கே?" என்று கேட்பார்கள். பங்காளி வெளியூரில் இருப்பார். அந்தக் கிணற்றால் அவருக்கு ஒரு சொட்டு லாபம் கிடையாது. விரோதமும் கிடையாது. "பார்க்கலாம்" என்பார், அவ்வளவுதான். அந்தப் "பார்க்கலாம்" சில குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு நீடிக்கும்.

நிலத்துக்கு இருக்கிற இந்தச் சிக்கலைப் படிப்புக்கும் கொண்டு வந்த மாநிலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம் கொடுக்க வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள இன்னொரு பல்கலைக்கழகத்தின் கையெழுத்தையும் வாங்க வேண்டும் என்று 1960-இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தை ஒவ்வொரு செங்கலாக உருவிக்கொண்டிருக்கிறார்கள், இன்று வரை.

முதலில் ஆட்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் பெயர்க் குழப்பம் வரும். "கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்" என்பது ஒன்று. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று பத்து வளாகங்கள், நோபல் பரிசுக்காரர்கள், பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள். சுருக்கமாக யூ.சி. "கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்" என்பது முற்றிலும் வேறு. இருபதுக்கும் மேற்பட்ட வளாகங்கள், நாலரை லட்சத்தை ஒட்டி மாணவர்கள், அந்த மாநிலத்தின் பள்ளி ஆசிரியர்களிலும் நர்சுகளிலும் பெரும்பகுதியை உருவாக்குகிற இடம். சுருக்கமாக சி.எஸ்.யு. மூன்றாவதாக, இரண்டு வருடப் படிப்பு தருகிற சமுதாயக் கல்லூரிகள், நூற்றுக்கும் மேலே. மூன்றுமே அரசு நிறுவனங்கள். ஆனால் மூன்றுக்கும் மூன்று வாசல், மூன்று விதமான மரியாதை.

இந்த மூன்று வாசலை முறையாகக் கட்டியவர்கள் 1959-60-இல் இருந்தவர்கள். அதற்குக் காரணமும் நியாயமானதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் கல்லூரி வாசலுக்கு வரப்போகிற நேரம். 1975-க்குள் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்களோ ஆளுக்கு ஒரு மசோதாவைத் தூக்கிக்கொண்டு "என் தொகுதிக்கு ஒரு கல்லூரி" என்று நின்றார்கள் (எந்த ஊர் அரசியல்வாதியும் அரசியல்வாதிதானே!). அப்போது மாநிலக் கல்லூரிகள் என்று அழைக்கப்பட்ட சி.எஸ்.யு. கல்லூரிகள், "எங்களுக்கும் ஆராய்ச்சி வேண்டும், நாங்களும் பிஎச்.டி. கொடுப்போம்" என்று கிளம்பியிருந்தன. யூ.சி.க்குப் பயம். அரசாங்கத்துக்கு அதைவிடப் பயம். எல்லா ஊரிலும் பெர்க்லியைக் கட்டப் பணத்துக்கு எங்கே போவது?

டரத்தி டோனஹோ என்ற சட்டமன்ற உறுப்பினர், பேக்கர்ஸ்ஃபீல்டு ஊர்க்காரர், இதற்கு ஒரு பொதுத் திட்டம் போடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அப்படி உருவானதுதான் 'மாஸ்டர் பிளான்'. திட்டம் சட்டமாகிற நேரத்தில், 1960 ஏப்ரலில், அவர் இறந்துபோனார். அதே மாதம் ஆளுநர் பேட் பிரவுன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். டோனஹோ உயர்கல்விச் சட்டம். (அவருடைய சொந்த ஊருக்கு மாநிலக் கல்லூரி வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1970-இல்.)

அந்தத் திட்டத்தின் பங்கீடு இப்படி. பள்ளியிறுதி மாணவர்களில் மேல்தட்டு எட்டில் ஒரு பங்கு யூ.சி.க்குப் போகலாம். மேல்தட்டு மூன்றில் ஒரு பங்கு மாநிலக் கல்லூரிகளுக்குப் போகலாம். மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி திறந்தே இருக்கும், அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்தால் மேலே மாறிக்கொள்ளலாம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். யாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பாத ஏற்பாடு. யூ.சி. தலைவர் க்ளார்க் கெர் அந்த வருடம் அக்டோபரில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் வந்தார். திட்டம் அந்த அளவுக்குப் பேசப்பட்டது.

ஆனால் பேச்சுவார்த்தை கடைசி வரை ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. முனைவர் பட்டம் யாருக்கு?

மாநிலக் கல்லூரிகளின் சார்பில் பேசியவர் க்ளென் டம்கி, அப்போது சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியின் தலைவர். எதிரே கெர். 1959-இன் கடைசியில் நடந்த பேரத்தில் முடிவானது இது: பிஎச்.டி. யூ.சி.யின் தனி உரிமை. மாநிலக் கல்லூரிகள் இளநிலை, முதுநிலைப் பட்டங்களைத் தரலாம். முனைவர் பட்டம் வேண்டுமானால் யூ.சி.யோடு சேர்ந்து கூட்டாகத் தரலாம். அதற்கு ஈடாக மாநிலக் கல்லூரிகளுக்குத் தனி நிர்வாகக் குழு கிடைக்கும். அதுவரை அவை மாநிலக் கல்வி வாரியத்தின் கீழ், பள்ளிக்கூடங்களோடு பள்ளிக்கூடமாக இருந்தன.

டம்கி ஒப்புக்கொண்டார். சக தலைவர்கள் சிலருக்குக் கடும் கோபம். விற்றுவிட்டார் என்றே நினைத்தவர்கள் உண்டு. இரண்டு வருடம் கழித்து அதே டம்கி மொத்த மாநிலக் கல்லூரி அமைப்புக்கும் தலைவராகி, இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். அந்தக் கூட்டு விதியோடு குடும்பம் நடத்த வேண்டியதும் அவர் தலையில்தான் விழுந்தது.

இந்தக் கூட்டு விதியில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. அதைக் கவனிக்காவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. 1879-ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா அரசியல் சாசனத்திலேயே யூ.சி.க்குத் தன்னாட்சி இருக்கிறது. அதன் கல்வி விஷயங்களில் "இதைச் செய்" என்று சட்டமன்றம் சாதாரணமாக உத்தரவு போட முடியாது. சி.எஸ்.யு. அப்படி இல்லை, அது சட்டமன்றம் போட்ட சட்டத்தால் பிறந்த பிள்ளை. ஆகவே "சி.எஸ்.யு. கூட்டுப் பட்டம் தரலாம்" என்று சட்டமன்றம் எழுதலாம். "யூ.சி. கட்டாயம் கூட்டுச் சேர வேண்டும்" என்று எழுத முடியாது. ஒரு பக்கத்துக்கு அனுமதி, மறுபக்கத்துக்கு விருப்பம். சட்டத்தில் 'லாம்' என்ற ஒரு விகுதியை வைத்துக்கொண்டு சி.எஸ்.யு. நாற்பத்தைந்து வருடம் காலம் தள்ளியது.

சரி, கூட்டுப் பட்டம் நடைமுறையில் எப்படி இருக்கும்? மாணவர் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் அனுமதி பெறவேண்டும். இரண்டிலும் குறிப்பிட்ட காலம் இருந்து படிக்கவேண்டும், பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வருடமாவது. ஆய்வேட்டைப் பார்க்கும் குழுவில் இரு பக்கத்து ஆசிரியர்களும் இருக்கவேண்டும். பட்டச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும். புதிதாக ஒரு படிப்பு தொடங்க வேண்டுமென்றால் இரண்டு துறைகள், இரண்டு ஆசிரியர் அவைகள், இரண்டு நிர்வாகங்கள் என்று எல்லாப் படிகளிலும் ஏறி இறங்க வேண்டும். எந்தப் படியில் யார் "பார்க்கலாம்" என்றாலும் அந்த வருடம் போச்சு.

இதில் யூ.சி. பேராசிரியருக்கு என்ன கிடைக்கும்? அவருக்கு ஏற்கெனவே தன் துறையில் பிஎச்.டி. மாணவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊர் மாணவருக்காகக் கூடுதலாக ஒரு குழு, கூடுதலாக ஒரு பயணம். பதவி உயர்வுக்கு அது பெரிதாக உதவப் போவதில்லை. கெட்ட மனது என்று சொல்ல முடியாது. யாருக்கும் கெட்ட மனது இல்லாமலேயே ஒரு காரியம் நடக்காமல் போக முடியும்.

நடந்த இடமும் உண்டு. சான் டியேகோ. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம் 1897-இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. அதே ஊரில் யூ.சி. வளாகம் வந்தது 1960-இல்தான். அறுபது வருடம் முன்னால் பிறந்தவர் தம்பி, நேற்று வந்தவர் அண்ணன்! ஆனாலும் ஒரே ஊர். ஒரு வளாகத்திலிருந்து மற்றொன்றுக்கு அரை மணி நேரத்தில் காரில் போய்விடலாம். புதிய வளாகத்துக்கும் ஆள் தேவைப்பட்ட காலம் அது. இருவரும் சேர்ந்து வேதியியலில் கூட்டு பிஎச்.டி. தொடங்கி, 1967-இல் முதல் பட்டத்தைக் கொடுத்தார்கள். மொத்த மாநிலப் பல்கலைக்கழக அமைப்பிலும் அதுதான் முதல் முனைவர் பட்டம்.

அதைவிட நல்ல உதாரணம், 1980-களின் நடுவில் அங்கே தொடங்கிய மருத்துவ உளவியல் படிப்பு. யூ.சி. பக்கம் மருத்துவக் கல்லூரி இருந்தது, அதில் மனநலத் துறை இருந்தது, நோயாளிகள் இருந்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நல்ல உளவியல் துறை இருந்தது. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம். இரண்டும் சேர்ந்தபோது நாட்டிலேயே இடம் கிடைப்பது மிகக் கடினமான மருத்துவ உளவியல் படிப்புகளில் ஒன்றாக அது ஆனது. கூட்டு என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் இருந்த இடம் அது. பொதுச் சுகாதாரத்திலும் அதே இரண்டு பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். பக்கத்தில் ஆள் கிடைக்காத பாடங்களுக்கு வெளியூரிலும் கூட்டாளி தேடினார்கள். புவியியலுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சான்டா பார்பரா, சூழலியலுக்கு இன்னும் வடக்கே டேவிஸ்.

இப்படித் திறமையான ஒரு வளாகம், நல்ல தூரம், நல்ல காலம் எல்லாம் பொருந்திய இடத்தில் கூட்டு முளைத்தது. மற்ற இடங்களில்? முதல் இருபத்தைந்து வருடங்களில் மாநிலம் முழுவதும் சேர்த்து விரல்விட்டு எண்ணிவிடலாம். பிற்பாடு யூ.சி. மட்டுமல்லாமல் தனியார் பல்கலைக்கழகங்களோடும் சேரலாம் என்று சட்டத்தைத் தளர்த்தினார்கள். க்ளேர்மாண்ட் போன்ற இடங்களோடு சில படிப்புகள் வந்தன. அப்புறமும் பெரிய மாற்றம் இல்லை.

இப்போது ஃப்ரெஸ்னோவுக்குப் போகலாம். கலிஃபோர்னியா என்றாலே கடற்கரையும் ஹாலிவுட்டும்தான் ஞாபகம் வரும். ஃப்ரெஸ்னோ உள்நாட்டில், மத்தியப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. திராட்சை, பாதாம், பருத்தி. புழுதி. வெயில். வயலில் வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளிகள்.

அங்கே ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியை என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வருடம் 1998 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயது. இரண்டு பிள்ளைகள். பள்ளி மாவட்டத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போகவேண்டுமானால் கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம், அதாவது எட்.டி., இருந்தால் நல்லது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர் பி.ஏ. படித்ததும் ஆசிரியர் பயிற்சி பெற்றதும் அங்கேதான். அவருடைய பள்ளியில் வேலை செய்கிற மற்ற ஆசிரியர்களில் பாதிப் பேர் அங்கே படித்தவர்களாக இருப்பார்கள். ஆனால் அது தனியாக அந்தப் பட்டத்தைத் தர முடியாது. பள்ளத்தாக்கில் அப்போது யூ.சி. வளாகமே கிடையாது, மெர்செட் வளாகம் திறந்தது 2005-இல். டேவிஸுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

ஃப்ரெஸ்னோவில் 1990-களின் தொடக்கத்திலேயே யூ.சி.யோடு ஒரு கூட்டு எட்.டி. வந்துவிட்டது என்பது உண்மை. இடங்கள் குறைவு. மாநிலத்தின் மற்ற பல ஊர்களுக்கு அதுவும் இல்லை. மிச்சமிருந்த வழி தனியார் பல்கலைக்கழகம். கலிஃபோர்னியாவில் அந்தக் காலத்தில் கல்வியியல் முனைவர் பட்டங்களின் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களிலிருந்துதான் வந்தது. கட்டணம் பல மடங்கு. அரசுப் பள்ளியை நிர்வகிக்கப் படிக்கிற படிப்பை அரசுக் கல்லூரியில் படிக்க முடியாது, கடன் வாங்கித் தனியாரிடம் படிக்க வேண்டும். இதைவிட வேடிக்கையான ஏற்பாடு இருக்க முடியுமா?

2001-இல் சி.எஸ்.யு. வெளிப்படையாகக் கேட்டது. எட்.டி. பட்டத்தைத் தனியாகத் தர அனுமதி கொடுங்கள். யூ.சி. எதிர்த்தது. கடைசியில் ஒரு சமரசம். சட்டம் வேண்டாம், இருவரும் சேர்ந்து வேகமாகக் கூட்டு எட்.டி. படிப்புகளைத் தொடங்கலாம் என்று ஒப்பந்தம் போட்டு, அதற்கென்று ஒரு கூட்டுக் குழுவும் வைத்தார்கள். சில படிப்புகள் வந்தன. போதவில்லை. நான்கு வருடத்தில் பொறுமை போய்விட்டது.

2005-இல் ஜாக் ஸ்காட் என்ற செனட்டர் மசோதா எண் 724-ஐக் கொண்டுவந்தார். ஸ்காட் பழைய கல்லூரித் தலைவர், பாசடினா நகரச் சமுதாயக் கல்லூரியை நடத்தியவர். ஆளுநர் கையெழுத்து போட்டார். ஆளுநர் யார் என்று கேட்டால், ஆமாம், டெர்மினேட்டர் அர்னால்டுதான் :-)

அந்தச் சட்டத்தின் வாசகம் வழக்கறிஞர்களுக்கு மட்டும் சுவாரசியமானது அல்ல. எத்தனை கட்டு! பட்டம் எட்.டி. மட்டும். பள்ளி நிர்வாகத்துக்கும் சமுதாயக் கல்லூரி நிர்வாகத்துக்கும் மட்டும். உள்ளூர் பள்ளிகளோடும் கல்லூரிகளோடும் கலந்து பாடத்திட்டம் அமைக்க வேண்டும். கட்டணம் யூ.சி. வாங்குவதைவிடக் கூடக் கூடாது. இளநிலை மாணவர்களுக்கு ஒதுக்கிய பணத்தையும் இடத்தையும் இதற்குத் திருப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது 1960-ஆம் ஆண்டுப் பங்கீட்டுக்கு ஒரு விதிவிலக்கு, பங்கீடு அப்படியேதான் இருக்கிறது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பங்காளி முகம் சுளிக்காமல் இருக்க எவ்வளவு பாடு!

கட்டுகளைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கடைசிக் கட்டுக்கு முன்னால் உள்ளதை, இளநிலைப் பணத்தைத் தொடக் கூடாது என்பதை, சிரித்துத் தள்ள முடியாது. கெர்ரின் பயம் அதுதான். முனைவர் படிப்பு என்பது விலை உயர்ந்த பொம்மை. பத்து மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் தேவைப்படும். அந்தப் பேராசிரியர் அதற்கு முன்னால் நூறு முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவராக இருப்பார். கௌரவத்துக்காக மேலே ஒரு மாடி கட்டி, கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் வராமல் போவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 1960-இல் அந்த அணையைப் போடாமல் இருந்திருந்தால் கலிஃபோர்னியாவில் பணம் மேல் மாடிக்கே போயிருக்கும் என்று வாதிடுகிறவர்கள் முட்டாள்கள் இல்லை. தவறு எங்கே என்றால், செலவைத் தடுக்கவேண்டிய வேலையைப் பங்காளியின் கையெழுத்திடம் ஒப்படைத்ததில். செலவு வேண்டாமென்றால் செலவுக்கு விதி போடலாம். 2005-இல் அதைத்தானே செய்தார்கள்? அதை நாற்பத்தைந்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

2007-இல் ஃப்ரெஸ்னோ, லாங் பீச் உட்பட சில வளாகங்களில் தனி எட்.டி. தொடங்கியது. மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு, வேலையில் இருப்பவர்களுக்காக. மேலே கற்பனை செய்த துணைத் தலைமையாசிரியைக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது ஆகியிருக்கும்.

அடுத்து வந்தது இன்னும் விசித்திரம். பிசியோதெரபி.

அமெரிக்காவில் பிசியோதெரபி தொழிலுக்கு நீண்ட காலம் முதுநிலைப் பட்டம் போதுமானதாக இருந்தது. பிறகு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு ஒரு முடிவெடுத்தது. 2015 டிசம்பர் 31-க்குள் எல்லாக் கல்லூரிகளும் முனைவர் பட்ட அளவுக்கு மாறிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் இல்லை. (இந்தப் பட்ட உயர்வு உண்மையிலேயே தேவையா என்பது தனிச் சண்டை. முதுகுவலிக்காரருக்கு வைத்தியரின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் வலி சீக்கிரம் போகுமா என்ன?) சி.எஸ்.யு.வின் பல வளாகங்களில் நன்றாக நடந்துகொண்டிருந்த முதுநிலைப் படிப்புகள் இருந்தன. அவற்றை முனைவர் படிப்பாக மாற்ற முடியாது, சட்டம் தடுக்கிறது. கூட்டாகத் தரலாமே என்றால் யாரோடு? யூ.சி.யின் பத்து வளாகங்களில் பிசியோதெரபி இருந்தது ஒரே ஒரு இடத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவ வளாகத்தில். அதுவும் பக்கத்திலிருந்த சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தியதுதான். ஃப்ரெஸ்னோவும் அதே வளாகத்தோடு ஒரு கூட்டு வைத்திருந்தது. நார்த்ரிட்ஜ் என்ன செய்யும்? லாங் பீச் என்ன செய்யும்? தலைநகர் சாக்ரமெண்டோவில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

பட்டாவில் பெயர் இருக்கிற பங்காளிக்கு அந்தப் பக்கம் வயலே இல்லை. ஆனால் கையெழுத்து மட்டும் அவரிடம் வாங்க வேண்டும்.

2010-இல் சட்டமன்றம் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. ஒன்று பிசியோதெரபிக்கு. இன்னொன்று நர்சிங் முனைவர் பட்டத்துக்கு, மூன்று வளாகங்களில் சோதனை முயற்சியாக. நர்சிங்கின் காரணம் இன்னும் அவசரமானது. ஆஸ்பத்திரிகளில் நர்சுகள் போதவில்லை. நர்சிங் கல்லூரிகளில் சேர மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். பாடம் எடுக்க ஆசிரியர்கள் இல்லை. ஆசிரியரை உருவாக்க முனைவர் படிப்பு வேண்டும். இரண்டு சட்டங்களிலும் மறுபடியும் அதே வாசகம்: இது விதிவிலக்கு, பங்கீடு மாறவில்லை. 2016-இல் செவித்திறன் சிகிச்சையாளர்களுக்கான ஆடியாலஜி முனைவர் பட்டம். மறுபடியும் விதிவிலக்கு.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு மசோதா, ஒவ்வொரு மசோதாவுக்கும் இரண்டு மூன்று வருடம், ஒவ்வொரு தடவையும் சாக்ரமெண்டோவில் யூ.சி.யின் ஆட்களும் சி.எஸ்.யு.வின் ஆட்களும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாட வேண்டும். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது ஒரே வரிப்பணம். ஒரு கட்டத்தில் விதியைவிட விதிவிலக்கு நீளமாகிவிட்டது.

இந்தச் சலிப்பில்தான் 2023-இல் சட்டமன்ற மசோதா 656 வந்தது. ஆளுநர் கேவின் நியூசம் அந்த வருடம் அக்டோபரில் கையெழுத்திட்டார். இனி சி.எஸ்.யு. ஒவ்வொன்றுக்கும் சட்டமன்றத்துக்கு ஓட வேண்டாம். தொழில் சார்ந்த, பயன்பாடு சார்ந்த முனைவர் பட்டங்களைத் தானே தொடங்கலாம். ஒரு நிபந்தனை, யூ.சி. ஏற்கெனவே தருகிற பட்டத்தின் நகலாக இருக்கக் கூடாது. நகலா இல்லையா என்று பார்த்துச் சொல்ல யூ.சி.க்கு வாய்ப்பு உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய பங்காளி இப்போது ஆட்சேபம் சொல்லக்கூடிய பங்காளி ஆகியிருக்கிறார். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. முன்பு அவர் சும்மா இருந்தால் காரியம் நின்றுவிடும். இப்போது அதை நிறுத்த அவர் எழுந்து வந்து ஏதாவது சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிப் பட்டமான பிஎச்.டி. மட்டும் இன்னும் அந்தப் பழைய கூட்டில்தான் இருக்கிறது. 2025-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைத் தரம் பிரிக்கும் கார்னகி பட்டியலில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம் மிக உயர்ந்த ஆராய்ச்சி வகுப்பில் இடம் பிடித்தது. பெர்க்லியும் ஹார்வர்டும் இருக்கிற வகுப்பு. அந்த வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வேதியியல் பிஎச்.டி.யைத் தன் பெயரில் மட்டும் கொடுக்க அதற்கு உரிமை இல்லை.

இத்தனை வருடம் வாசலில் நின்றவர் உள்ளே வந்ததும் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். கதையின் ருசியான பகுதி அதுதான்.

சமுதாயக் கல்லூரிகள் இரண்டு வருடப் பட்டத்தோடு நிற்க வேண்டும் என்பதும் 1960-இன் பங்கீடு. 2014-இல் பதினைந்து இடங்களில் சோதனையாக நான்கு வருட இளநிலைப் பட்டம் தர அனுமதித்தார்கள். 2021-இல் அதை நிரந்தரமாக்கி, வருடத்துக்கு முப்பது புதிய படிப்புகள் வரை தொடங்கலாம் என்றார்கள். நிபந்தனை? யூ.சி.யோ சி.எஸ்.யு.வோ தருகிற பட்டத்தின் நகலாக இருக்கக் கூடாது. அதே வாசகம். இந்த முறை ஆட்சேபம் சொல்கிற நாற்காலியில் சி.எஸ்.யு.

வடக்கே மலைக்குள் ப்ளூமாஸ் என்று ஒரு மாவட்டம். 2021-இல் டிக்ஸி தீ எரித்தது அந்தப் பகுதியைத்தான். ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் காடு போயிற்று, கிரீன்வில் என்ற சிற்றூர் ஏறக்குறைய முழுவதும் சாம்பலானது. அதே மாவட்டத்தில் குவின்சி என்ற ஊரில் ஃபெதர் ரிவர் கல்லூரி, சிறிய சமுதாயக் கல்லூரி. காட்டை மீட்பதற்கும் தீயைக் கையாள்வதற்கும் ஆட்களைத் தயார் செய்ய ஒரு இளநிலைப் பட்டம் தொடங்குகிறோம் என்றார்கள். தீயைப் பற்றிப் படிக்க அதைவிடப் பொருத்தமான ஊர் எது? சி.எஸ்.யு. ஆட்சேபித்தது. ஹம்போல்ட்டில் உள்ள தங்கள் வளாகமும் தீ மேலாண்மைப் படிப்பைத் தொடங்கவிருக்கிறது, இது நகல் என்றார்கள். குவின்சியிலிருந்து ஹம்போல்ட்டுக்கு மலைகளைக் கடந்து காரில் ஐந்தாறு மணி நேரம். ஃப்ரெஸ்னோவிலிருந்து டேவிஸுக்குப் போவதைவிட அதிகம். 2023-இல் சமுதாயக் கல்லூரி நிர்வாகம் ஆட்சேபத்தை மீறி அனுமதி கொடுத்தது. சி.எஸ்.யு. அதிகாரிகளுக்கு வருத்தம். கலந்து பேசாமல் செய்துவிட்டார்களாம். 1960-களில் அவர்களுடைய முன்னோர்கள் யாரைப் பற்றிப் புலம்பினார்களோ, அவர்கள் பேசியிருக்கக்கூடிய அதே குரல்.

நர்சிங்கிலும் அதுவே. 2024-இல் சில சமுதாயக் கல்லூரிகள் நர்சிங்கில் நான்கு வருடப் பட்டம் தர அனுமதிக்கும் இரண்டு மசோதாக்கள் சட்டமன்றத்தைத் தாண்டி ஆளுநர் மேசைக்கு வந்தன. ஆஸ்பத்திரிகள் இப்போது வேலைக்கு எடுக்கும்போது நான்கு வருடப் பட்டத்தைத்தான் விரும்புகின்றன. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட நர்சிங் முடித்தவர்கள் அதற்கு மேல் படிக்க வெளியூர் போகவோ, தனியாரிடம் பணம் கட்டவோ வேண்டும், பக்கத்து சி.எஸ்.யு.வில் இடம் கிடைக்காவிட்டால். சி.எஸ்.யு. இரண்டு மசோதாக்களையும் எதிர்த்தது. அந்த வருடம் செப்டம்பரில் நியூசம் இரண்டையும் திருப்பி அனுப்பினார். எல்லா உயர்கல்வி அமைப்புகளும் இந்தப் படிப்புகளைச் சேர்ந்தே வளர்க்க வேண்டும், இந்தச் சட்டம் அந்த ஒத்துழைப்பைக் கெடுத்துவிடக் கூடும் என்பது அவர் எழுதிய காரணம்.